மணல் மூடிய ஊர்களில் பிறந்தது

ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சகாரா பாலைவனமாக இருக்கவில்லை. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடியதில், வட அரைக்கோளத்தின் கோடை அப்போது இன்றையதைவிடச் சூடாக இருந்தது. அந்தச் சூடு பருவமழையை வெகுதூரம் வடக்கே இழுத்துச் சென்றது. இன்று மணற்குன்றுகள் கிடக்கும் இடங்களில் ஏரிகள் இருந்தன, நாணல் இருந்தது, நீர்யானையும் முதலையும் இருந்தன. கரைகளில் மனிதர்கள் மீன் பிடித்தார்கள், மாடு மேய்த்தார்கள், பால் கறந்தார்கள். விதைப்பு என்ற வேலையை அவர்கள் அறிந்ததில்லை. மழைக்குப் பின் தானாக எழுந்து நின்ற புல்வெளிகளில் விதை சேர்த்து வந்து, அரைத்துக் காய்ச்சிக் குடித்தார்கள். அப்படிச் சேர்த்த பல புற்களுக்கு நடுவே ஒன்று, யார் கண்ணையும் தனியாக ஈர்க்காமல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் உழவு, பிறகு பானை என்ற வரிசைதான் பாடப் புத்தகங்களிலிருந்து மனதில் பதிந்திருக்கிறது. மேற்கு ஆசியாவில் அப்படித்தான் நடந்தது. கோதுமையும் பார்லியும் பயிரான பிறகும் நெடுங்காலம் அங்கே மண்பானை இல்லை. ஆப்பிரிக்காவில் வரிசையே தலைகீழ். இன்றைய மாலி நாட்டில், தோகோன் பீடபூமியின் ஊன்ஜூகூ என்ற இடத்தில் கி.மு. 9400 அளவிலேயே பானை வனைந்திருக்கிறார்கள். சில ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் மாடு வந்தது. பயிர் எல்லாவற்றுக்கும் கடைசி. பானை முந்திக்கொண்டது ஒரு சின்ன விவரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கதைக்குக் கிடைத்த முக்கியமான சாட்சியே அந்தப் பானைதான்.

வெறும் களிமண்ணில் வனைந்த பானை காயும்போது சுருங்கும், நெருப்பில் வேகும்போது விரிசல் விடும். அதைத் தடுக்க மண்ணோடு எதையாவது கலந்து பிசைவது உலகெங்கும் உள்ள வழக்கம். மணல் கலப்பவர்கள் உண்டு, உடைந்த ஓட்டைத் தூளாக்கிக் கலப்பவர்கள் உண்டு. மாலியின் வடக்கே வாழ்ந்தவர்கள் கைக்கு எட்டிய பொருளைக் கலந்தார்கள். குடிசை ஓரத்தில் குவிந்து கிடந்தது புல்விதையைத் தேய்த்துப் புடைத்துத் தள்ளிய உமி. பானை வெந்தபோது உமி கருகிப் போனது, ஆனால் அது இருந்த இடம் மட்டும் அச்சு அசலாக மண்ணுக்குள் பதிந்து நின்றது. அன்றன்றைக்கு வீட்டில் எந்தத் தானியம் புடைத்தார்கள் என்பதை ஒவ்வொரு பானையும் தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டது. கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ஓடுகளில் இருப்பது முழுக்க முழுக்கக் காட்டுப் புல்லின் உமி. அந்தப் புல்லிடம் ஒரு பெரிய குறை இருந்தது.

பழுத்தால் உதிர்ந்துவிடும். மணியைச் சுற்றி மயிர்கள் சூழ்ந்த ஒரு சிறு கூடு, அந்தக் கூட்டுக்குக் காம்பே இல்லை. முற்றியதும் தண்டிலிருந்து கழன்று காற்றில் போய்விடும். புல்லுக்கு அது நல்லதுதான், அப்படித்தான் அது பரவியது. மனிதனுக்கு ஆகாது. சகாராவின் தென்விளிம்பில் காட்டுப் புல்விதை சேர்க்கும் மக்களிடம் இதற்கு ஓர் உத்தி உண்டு. கையில் கூடையைப் பிடித்துக்கொண்டு, முற்றிய புல்லின் மேல் வீசி வீசி நடப்பார்கள். உதிரும் மணிகள் கூடைக்குள் விழும். உதிராத மணிகள் புல்லிலேயே நின்றுவிடும். ஆக வீட்டுக்கு வந்து சேர்வது எப்போதும் உதிரும் ரகம், முற்றத்தில் சிந்தி முளைப்பதும் உதிரும் ரகம். இந்த முறையில் பத்தாயிரம் ஆண்டு சேர்த்தாலும் காட்டுப் புல் காட்டுப் புல்லாகவேதான் இருக்கும்.

ஆனால் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பானை ஓடுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. மணியின் அகலம் சராசரியாக 28 சதவீதம் கூடிவிட்டது. உமியின் அமைப்பு இன்னும் காட்டுப் புல்லினுடையதுதான், மணி மட்டும் கொழுத்திருக்கிறது. இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்துகிறது. யாரோ மண்ணைக் கிளறி விதையைப் புதைக்கத் தொடங்கியிருந்தார்கள். தரையில் சிந்தும் விதைக்குப் பெரிய உடம்பு தேவையில்லை. மண்ணுக்குள் புதையும் விதைக்கோ மேலே முட்டி வருவதற்குச் சேமிப்பு வேண்டும். சிறியவை உள்ளேயே மடிந்தன, பெரியவை எழுந்தன. யாரும் பொறுக்கி எடுக்காமலேயே மண் தேர்வு நடத்தியது. விதைப்பு தொடங்கிவிட்டது. அப்படியும் உதிரும் குணம் மட்டும் போகவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் போகவில்லை.

தடையாக நின்றது அந்தப் புல்லின் பூ. நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தம் மகரந்தத்திலேயே கருவுறும். ஒரு நல்ல குணம் ஒரு செடியில் தோன்றினால் அதன் பிள்ளைகளிடம் அப்படியே தங்கும். இந்தப் புல் அப்படியில்லை. கதிரில் முதலில் சூல்முடிகள் வெளியே வரும், மகரந்தப் பைகள் சில நாள் கழித்துத்தான் வரும். தன் மகரந்தம் தயாராவதற்குள் பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்துவிடும். உதிராத கதிர் ஒன்று தற்செயலாகத் தோன்றினாலும், கொல்லையைச் சுற்றிலும் நின்ற காட்டுப் புற்கள் அடுத்த தலைமுறையிலேயே அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. மேற்கு ஆப்பிரிக்க வயல்களில் இன்றைக்கும் பாதி காடு, பாதி பயிராக முளைக்கும் இந்தக் கலப்பினத்தை ஷிப்ரா என்கிறார்கள். காட்டுப் புல் சூழ்ந்த இடத்தில் இந்தப் புல்லைப் பயிராக்க முடியாது. காட்டுப் புல் இல்லாத இடத்துக்குப் போக அந்த மக்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. காரணம் வானத்திலிருந்து வந்தது.

மழை பின்வாங்கத் தொடங்கியது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஏரிகள் சுருங்கின, பிறகு சேறாயின, பிறகு உப்புப் படிந்த பள்ளங்களாயின. நீர்யானைகள் போயின. மேய்ச்சல் தேடி மாட்டை ஓட்டியவர்கள் ஒவ்வொரு தலைமுறையும் சற்றுத் தெற்கே நகர்ந்தார்கள். மனிதர் நினைவில் சகாராவின் அந்தச் சாவு பெரும் துயரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தெற்கே போனவர்களின் மூட்டையில் விதை இருந்தது. அந்த விதையின் காட்டுச் சொந்தங்கள் அவ்வளவு வேகமாகக் கூட வரவில்லை.

அப்படி வந்தவர்கள் தங்கிய இடங்களில் ஒன்று திலெம்சி பள்ளத்தாக்கு. மாலியில், காவ் நகருக்கு வடக்கே, ஒரு காலத்தில் வெள்ளம் பாய்ந்து நைஜர் ஆற்றில் கலந்த படுகை. கர்கரிசின்காட் என்ற இடத்தில் வெள்ள மட்டத்துக்கு மேலே எழுந்த மேடுகளில் குடியிருந்தார்கள். மீன் முட்களும் மாட்டெலும்புகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. களிமண்ணில் சின்னச் சின்ன மாட்டுப் பொம்மைகள் பிடித்திருக்கிறார்கள். அங்கே புதைக்கப்பட்ட பெண்கள் சிலரின் முன்பற்கள் கூராகத் தேய்த்துச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அழகுக்கோ, குலத்தின் அடையாளத்துக்கோ, வலி பொறுத்துச் செய்துகொண்ட வேலை அது. மாடும் மீனுமே வாழ்வாகத் தோன்றும் இந்த ஊரின் பானை ஓடுகளில்தான், கி.மு. 2500 அளவில், அதுவரை காணாத ஒன்று பதிந்திருந்தது.

காம்பு. மணிக்கூட்டின் அடியில் ஒரு சிறு காம்பு, கழன்று விழாமல் தண்டைப் பிடித்துக்கொண்ட காம்பு. ஒற்றை மணி இருந்த கூட்டில் சில இடங்களில் இரட்டை மணிகள். மணியின் அகலம் காட்டு மணியைவிட 38 சதவீதம் அதிகம். வறட்சி விரட்டிய பயணத்தில் காட்டுச் சொந்தங்களை விட்டுப் பிரிந்ததால்தான் இந்தக் குணம் நிலைத்தது என்று தாவர வரலாற்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கி.மு. 2000 வாக்கில் உதிராத கதிர் முழுமையாக நிலைபெற்றுவிட்டது. இனி கூடையை வீசிப் பயனில்லை, கதிரை அறுத்துத்தான் ஆக வேண்டும். கதிரும் மனிதன் கையை நம்பித்தான் நின்றது. உதிராத விதை தானாக மண்ணில் விழாது, மறு ஆண்டு அது முளைக்க வேண்டுமென்றால் யாராவது எடுத்து வைத்திருந்து விதைத்தாக வேண்டும்.

இங்கே அந்த மக்களின் வாழ்க்கையில் ஒரு சிக்கல் முளைத்தது. மாடு மேய்ப்பவன் மழை போன பக்கம் போகிறவன். விதைத்தவன் அறுக்கும்வரை ஓரிடத்தில் நிற்க வேண்டியவன். அறுத்த பிறகும் தானியத்தைக் காக்க வேண்டும், விதைக்கென்று ஒரு பங்கைப் பஞ்சத்திலும் தொடாமல் வைக்க வேண்டும். இந்த இரண்டு வாழ்க்கையையும் ஒரே மக்கள் எப்படிச் சேர்த்து வாழ்வது? அதற்கான விடையைக் கல்லில் கட்டினார்கள்.

திலெம்சிக்கு வெகுதூரம் மேற்கே, இன்றைய மொரித்தானியாவின் தென்கிழக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மணற்கல் செங்குத்துப் பாறைகள் ஓடுகின்றன. திச்சித், வலாத்தா என்று அவற்றின் பகுதிகளுக்குப் பெயர். பாறையடியில் அப்போது இன்னும் வற்றாத நீர்நிலைகள் இருந்தன. கி.மு. 2000க்குப் பிறகு அந்தப் பாறை விளிம்பில் நூற்றுக்கணக்கான ஊர்கள் எழுந்தன. சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய மதில்கள். ஒவ்வொரு மதிலுக்குள்ளும் ஒரு குடும்பத்தின் வளவு, வளவுக்கும் வளவுக்கும் இடையே சந்து. வளவுக்குள் குறுங்கற்கள் கூட்டமாக நட்டுக் கிடக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைக் குதிர்களின் கால்கள் என்கிறார்கள். ஈரமும் கரையானும் எலியும் அண்டாதபடி தரைக்கு மேலே தூக்கி நிறுத்திய தானியக் குதிர்கள். அரைகற்கள் ஏராளம்.

ஊர்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. சில வளவுகள் மட்டுமே கொண்ட குக்கிராமங்கள் உண்டு, அவற்றைவிடப் பெரியவை உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தக்லத் எல் அத்ரூஸ் என்ற பேரூர் உண்டு. அது ஏறத்தாழ 80 ஹெக்டேர் பரப்பு, சுமார் ஐந்நூறு வளவுகள். அருகிலேயே பெரிய மாட்டுப் பட்டிகளும் கற்குவியல் கல்லறைகளும். மழைக்காலத்தில் உழவும், வறண்ட காலத்தில் நீருள்ள பக்கம் மாட்டை ஓட்டுவதும், இரண்டுக்கும் ஆளைப் பிரித்து அனுப்புவதும் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டிய காரியங்கள். இத்தனை ஊர்களை ஒன்றாகக் கட்டியது எது என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. மாட்டுச் செல்வம் பெருகிய தலைவர்கள் பேரூரிலிருந்து சிற்றூர்களை வழிநடத்தினார்கள் என்கிறார்கள் சிலர். குடும்ப வளவுகளின் கூட்டுறவைப் பெரிதாகக் காண்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இதில் வியப்பாக இருப்பது மற்றொன்று. எழுத்து இல்லை, இரும்பு இல்லை, ஏர் இல்லை. அப்படியிருந்தும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த ஊர்கள் விதையைக் கைவிடாமல் காத்தன. அத்தனை வறட்சிகளிலும் விதைக் குதிரில் கைவைக்காத கட்டுப்பாடு அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊரையே காக்க அந்தக் கட்டுப்பாடு போதவில்லை.

கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் நீர்நிலைகள் வற்றிப்போயின. வடக்கேயிருந்து குதிரை ஏறியவர்கள் வந்தார்கள். பாறை ஓவியங்களில் அவர்கள் இருக்கிறார்கள். அகன்ற வெளியில் இருந்த ஊர்கள் சுருங்கி, பாறை இடுக்குகளில் ஒளிந்த சிறு குடியிருப்புகளாயின. பிறகு அவையும் இல்லை. மணல் வந்து வளவுகளை மூடியது. தப்பியவர்கள் தெற்கே நைஜர் ஆற்றின் உள்நாட்டு டெல்டாவுக்குப் போனார்கள். தியா போன்ற மேடுகளின் அடி அடுக்கில் திச்சித் பாணிப் பானைகள் கிடைக்கின்றன. அதே ஆற்றுவெளியில் கி.மு. 250 அளவில் ஜென்னே-ஜேனோ எழுந்து, காலப்போக்கில் நகரமானது. 1977இல் அங்கே தோண்டத் தொடங்கிய சூசன், ரோடரிக் மக்கிண்டாஷ் தம்பதிக்கு அரண்மனையோ பெரும் அரச கல்லறையோ அகப்படவில்லை. கொல்லரும் மீனவரும் உழவரும் நெருக்கமாக அமைந்த தனித்தனி மேடுகளில் வாழ்ந்து, ஒருவர் பொருளை ஒருவர் வாங்கிப் பிழைத்த நகரம் அது. திச்சித்தின் மக்கள் இப்படி வேறொன்றாகத் தொடர்ந்தார்கள். அவர்கள் வளர்த்த தானியமோ அதற்கு வெகு முன்பே தன் போக்கில் கிளம்பிவிட்டிருந்தது.

தெற்கே, இன்றைய கானாவின் வடபகுதியிலுள்ள பிரிமியில் கி.மு. 1700 அளவிலேயே அது கருகிய மணிகளாகக் கிடைக்கிறது. அதே காலத்தில் கானாவின் நடுப்பகுதியில் ஒரு பயறும் அதற்குத் துணையாகச் சேர்ந்தது. தானியம் மண்ணிலிருந்து எடுத்ததைப் பயறு மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தது. இரண்டையும் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவில் இன்றும் ஓயவில்லை. கிழக்கே, சகாராவுக்குத் தெற்கே ஓடும் சகேல் புல்வெளிப் பட்டையில் கைமாறிக் கைமாறி விதை பயணம் போனது. மேய்ச்சல்காரரிடமிருந்து உழவருக்கு, உழவரிடமிருந்து கடலோடிக்கு. கண்டத்தின் விளிம்பையும் அது தாண்டியது.

கி.மு. 1700 வாக்கில், சிந்து நாகரிகத்தின் பெருநகரங்கள் தளர்ந்துபோன காலத்தில், குஜராத்தின் ஊர்களில் அது தலைகாட்டுகிறது. அந்த ஆயிரத்தாண்டு முடிவதற்குள் கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹள்ளூரில் அதன் மணிகள் அடுப்புச் சாம்பலில் கலந்துவிட்டன. கோதுமையும் பார்லியும் குளிர்காலப் பயிர்கள், பெரும்பாலும் வடக்கோடு நின்றுவிட்டவை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தத் தானியமோ கோடை மழையில் பிறந்தது. மழை குறைந்த, மண் மெலிந்த, நீர் தேக்க வழியில்லாத மேட்டு நிலங்கள் தக்காணத்திலும் அதற்குத் தெற்கேயும் பரந்து கிடந்தன. வந்த விதைக்கு அது பிறந்த மண் போலவே இருந்தது. சில நூற்றாண்டுகளில் அது அந்நியப் பொருள் என்ற நினைவே யாருக்கும் இல்லாமல் போனது.

தமிழ்நாட்டில் அதற்குக் கம்பு என்று பெயர்.

வெயில் காலத்தில் சட்டியில் கரைத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிக்கும் கம்பங்கூழ். உரலில் இடித்து, கொம்மை நீக்கி ஆக்கிய கம்மஞ்சோறு. கரிசல் காட்டில் பரண் கட்டிக் குருவி விரட்டிக் காத்த கம்மங்கொல்லை. தமிழ் மண்ணிலேயே தோன்றியது என்று எல்லோரும் எண்ணியிருக்கும் கம்பு, சகாரா காய்ந்தபோது பிறந்த பயிர். அதன் துணைப் பயறு நம் தட்டைப்பயறு. கம்புக்குள் தட்டைப்பயறை ஊடுபயிராக விதைக்கும் மானாவாரி உழவர், கானாவில் இணைந்த அதே இரட்டையைத்தான் நிலத்தில் இடுகிறார். சோளமும் கேழ்வரகும்கூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. சோளம் சூடானின் கிழக்கிலிருந்து, கேழ்வரகு கிழக்காப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து. நைஜரிலும் வட நைஜீரியாவிலும் கம்பு மாவை உருண்டை பிடித்து வேக வைத்து, தயிரில் கரைத்துக் குடிக்கிறார்கள். ஃபுரா என்று பெயர். மோர் சேர்த்த கம்பங்கூழைக் குடித்து வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கலயம் புதிதாகத் தெரியாது.

இத்தனை நீண்ட பயணத்தை அறிவியல் உலகம் தொடக்கத்திலேயே தவறாகப் புரிந்துகொண்டது. 1753இல் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸ், இதற்கு அமெரிக்காவைக் குறிக்கும் பெயரை வைத்துவிட்டார். இன்றைய தாவரவியல் பெயரான செங்க்ரஸ் அமெரிக்கானஸ் அந்தப் பிழையை இன்னும் சுமக்கிறது. அமெரிக்காவுக்கும் கம்புக்கும் அப்போது எந்த உறவும் இல்லை. உண்மையான உறவு இரு நூற்றாண்டு கழித்து ஏற்பட்டது, அது ஒரு பேராபத்தையும் கூட்டி வந்தது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் க்ளென் பர்ட்டன் என்பவர் மாட்டுத் தீவனத்துக்காகக் கம்பு வளர்த்து ஆராய்ந்தார். அவரிடம் மகரந்தமே உண்டாகாத ஒரு வரிசை கிடைத்தது. டிஃப்ட் 23ஏ என்று பெயர். அயல் மகரந்தத்தை மட்டுமே ஏற்கும் கம்பு என்றால் வீரிய ஒட்டு விதையைப் பெருமளவில் உண்டாக்க முடியும். அந்த விதை இந்தியாவுக்கு வந்தது. பஞ்சாபின் லூதியானாவில் டி.எஸ். அத்வால் அதை உள்ளூர் ரகத்தோடு சேர்த்து, 1965இல் எச்.பி. 1 என்ற ஒட்டுக் கம்பை வெளியிட்டார். திலெம்சிக்காரர்களுக்குத் தொல்லையாக இருந்த அந்தப் பூவின் குணமே இப்போது வரமாகிவிட்டது. விளைச்சல் பாய்ந்தது. 1970-71இல் நாட்டின் கம்பு விளைச்சல் ஏறத்தாழ 80 லட்சம் டன்னைத் தொட்டது. அடுத்த ஆண்டே வயல்களில் விநோதமான கதிர்கள் தோன்றின.

மணி பிடிக்க வேண்டிய கதிரில் மணி இல்லை. கதிர் முழுக்கப் பச்சை இலைக் கொத்துகள். அடிச்சாம்பல் நோய், உழவர் மொழியில் பசுங்கதிர் நோய். பல லட்சம் ஏக்கரில் நின்ற ஒட்டு ரகங்களுக்கெல்லாம் தாய் டிஃப்ட் 23ஏ ஒன்றுதான். அந்த ஒரு தாய்க்கு நோயைத் தாங்கும் வலு இல்லை. எழுபதுகளில் திரும்பத் திரும்ப நோய் வந்தது, புதிது புதிதாக வந்த ஒட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆயிரக்கணக்கான உழவர்கள் ஆளுக்கொரு விதமாகக் காத்து வந்த நாட்டு ரகங்களை ஒதுக்கி, ஒரே தாயின் பிள்ளைகளால் நிலத்தை நிரப்பியதற்குக் கொடுத்த விலை அது. வலு எங்கே கிடைக்கும் என்ற தேடல் கம்பைப் பிறந்த வீட்டுப் பக்கமே திருப்பிவிட்டது.

1972இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விதைகளைத் திரட்டியது. டோகோ நாட்டின் வடக்கே உழவர்கள் வளர்த்த ஒரு நாட்டுக் கம்பு அதில் இருந்தது. விரைவில் முற்றும், மணி பெரிது, அடிச்சாம்பலைத் தாங்கும். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஐ.சி.டி.பி. 8203 என்ற ரகம் 1988இல் இந்திய உழவர்களிடம் வந்தது. அந்த மணியில் இரும்புச் சத்து வழக்கத்தைவிட மிகுந்திருப்பது பின்னால் தெரிந்தது. அதையே மேலும் செப்பமாக்கி 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிட்ட தனசக்தி, இரும்புச் சத்துக்காகவே உருவாக்கி இந்தியாவில் விதைக்கப்பட்ட முதல் கம்பு.

இதற்கிடையே மறுபக்கத்தில் இன்னொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. லூதியானாவில் ஒட்டுக் கம்பு பிறந்த அதே அறுபதுகளில், பேட்ரிக் மன்சன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் திச்சித் பாறைகளில் அலைந்து, பானை ஓடுகளில் பதிந்த தானிய வடுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய அடுக்குகளில் அவர் கண்டவற்றில் மிகுதி, துணியில் ஒட்டும் முள்விதை கொண்ட ஒரு காட்டுப் புல். நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல்லுக்குச் சொந்தம். பிந்தைய அடுக்குகளில் கம்பு பெருகியது. திச்சித்திலேயே கம்பு பிறந்தது என்று பல காலம் எண்ணியிருந்தார்கள். 1989இல் சில்வி ஆம்ப்ளார், ஜான் பெர்னெஸ் இருவரும் வலாத்தா ஓடுகளை ஆராய்ந்தபோது, அங்கே இருந்தது ஏற்கெனவே முழுமையாகப் பயிராகிவிட்ட கம்பு என்பது உறுதியானது. அப்படியானால் பிறப்பு அதற்கும் முன்னால், வேறெங்கோ.

2011இல் கேட்டி மேனிங் குழுவினர் கர்கரிசின்காட்டின் ஓடுகளில் 4,500 ஆண்டுப் பழைய பயிர்க் கம்பைக் காட்டினார்கள். 2018இல் காட்டுக் கம்பு, நாட்டுக் கம்பு மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், பயிர் பரவத் தொடங்கிய காலம் சுமார் 4,900 ஆண்டுகளுக்கு முன்பு என்றும், இடம் சகாராவின் மேற்குப் பகுதி, அதாவது வட மாலியும் மொரித்தானியாவும் என்றும் கணித்தார்கள். 2021இல் டோரியன் ஃபுல்லர் குழுவினர் ஓட்டை உடைக்காமலேயே ஊடுகதிர் நுண்படம் எடுத்து, மண்ணுக்குள் புதைந்திருந்த உமி அச்சுகளை வெளிக்கொண்டு வந்தார்கள். 28 சதவீதம், 38 சதவீதம் என்ற கணக்கெல்லாம் அந்த ஆய்விலிருந்து வந்தவை. மண் வெடிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு கைப்பிடி உமியை அள்ளிப் போட்டவர்கள் இல்லையென்றால் இந்தக் கதையைச் சொல்ல வழியே இருந்திருக்காது.

உலகில் இன்று கம்பு மிக அதிகமாக விளையும் நாடு இந்தியா. பட்டான்செரு விதை வங்கியின் குளிரறையில் 20,000க்கும் மேற்பட்ட கம்பு மாதிரிகள் இருக்கின்றன. அடிச்சாம்பல் நோயின் கிருமி புதுப்புது வடிவம் எடுத்துக்கொண்டே இருப்பதால், அதைத் தாங்கும் வலுவை ஆய்வாளர்கள் இன்னமும் அந்த மாதிரிகளில்தான் தேடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, இந்தியச் சிற்றூர்களின் குதிர்களிலிருந்து வந்த நாட்டு ரகங்கள்.